செருப்பில்லாமல் ஏறிய மலை

சேலத்தில் அம்மாவுக்குச் சிகிச்சை நடந்த மருத்துவமனையின் சுவரில் அந்த அறிவிப்பு ஒட்டியிருந்தது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, சேலத்திலிருந்து ஏற்காடு ஏரி வரை நடைப்பயணம். அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, தன் பெயரையும் என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

ஏற்காடு மலைமேல், கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அப்பா பழம் அரைக்கும் ஷெட்டில் மூட்டை தூக்கினார். உடம்புக்கு முடியாமல் போகும்வரை அம்மா பழம் பறிக்கப் போனார். நடைப்பயணச் செய்தி லைனில் பரவியதும் முதலில் சிரித்தவர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்.

"ஏப்பா, மேல குடியிருக்கறவன் மெனக்கெட்டுக் கீழ போயி, மறுக்காவும் மேலயே நடந்து வர்றதுக்கு என்ன பேரு?"

"நடைங்க" என்றார் அப்பா. ஷெட்டே சிரித்தது.

லைன் பெண்கள் சிரிக்கவில்லை. வீட்டில் ஒருவர் நோயில் கிடக்கும்போது இன்னொருவர் நடந்தால் அதற்கு அவர்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான், வேண்டுதல். ஆளுக்கொரு மஞ்சள் துணியில் காசு முடிந்து கொண்டுவந்தார்கள். இது கோயிலுக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்காரர்கள் நடத்துவது என்று அப்பா சொல்லிப் பார்த்தார்.

"யாரு நடத்துனா என்னுங்கண்ணா, நடக்கறது நீங்கதான? போற எடத்துல சேத்திருங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அப்பா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் கறி, மீன் என்று கவிச்சி சமைப்பது நின்றது.

எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. பழனிக்கு நடந்தவர்கள் லைனில் பலர் இருந்தார்கள், விதிகள் எனக்குத் தெரியும். செருப்புப் போடக் கூடாது, வண்டியில் ஏறக் கூடாது, பாதியில் திரும்பக் கூடாது. இந்த மூன்றையும் காப்பாற்றிவிட்டால் அம்மாவுக்கு மருந்தில் கொட்டிய முடி வளரும், அடுத்த பருவத்தில் கூடையோடு தோட்டத்துக்குப் போவார்.

முந்தின நாளே பஸ்ஸில் மலையிறங்கிச் சேலத்தில் சித்தப்பா வீட்டில் தங்கினோம். விடியற்காலையில் எல்லோருக்கும் வெளிர் நீல பனியன் கொடுத்தார்கள். என்னுடையது முழங்காலைத் தாண்டியது. மேடையில் ஒரு பெண் டாக்டர் பேசினார். அவர் இறங்கியதும் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனார். நான் அப்பா கையைப் பிடித்தபடி பனியனைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்கம்மா, நீங்க சொன்ன அந்த மருந்து எப்பங்க வரும்?"

"ஆராய்ச்சி இப்பதாங்க நடக்குது. பத்து வருஷம் ஆகலாம், இருபதும் ஆகலாம். நம்ம பிள்ளைங்க காலத்துக்கு உதவும்."

"சரிங்க" என்றார் அப்பா.

அதற்குள் நான் செருப்பைக் கழற்றியிருந்தேன். அப்பா குனிந்து என் காலைப் பார்த்தார். போட்டுக்கொள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் தன் செருப்பையும் கழற்றி, இரண்டு ஜோடியையும் பையில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

அடிவாரம் வரை சிரமம் தெரியவில்லை. மலைச் சாலையில் வெயில் ஏறியதும் தார் சுட்டது. ஓரத்து மண்ணில் நடந்தோம். ஒரு கொண்டை ஊசி வளைவில், புல்லுக்குள் கிடந்த பாட்டில் சில்லு என் குதிகாலைக் கிழித்தது. நடப்பவர்களுக்கு உதவிக்காகப் பின்னால் வந்த வேனிலிருந்து ஒரு கல்லூரி மாணவி இறங்கிக் கட்டுப் போட்டுவிட்டாள்.

"வேன்ல ஏறிக்கோ பாப்பா. ஒண்ணும் தப்பில்ல."

தப்பு என்று எனக்குத் தெரியும். சாலையோரக் கட்டைச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு, ஏறினால் அம்மா செத்துப்போயிரும் என்று சொல்லி அழுதேன். அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள். அப்பா பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஷெட்டில் மூட்டையை ஏற்றுவதுபோல ஒரே தூக்கில் என்னைத் தோளில் ஏற்றினார்.

கொஞ்ச தூரம் போனபிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"தூக்கிட்டுப் போனா சாமி ஒத்துக்குமாப்பா?"

"பழனிக்குக் கைக்கொழந்தையத் தூக்கிட்டுப் போறாங்களே கண்ணு, சாமி திருப்பியா அனுப்புது? நீ பேசாம உக்காரு. மூட்டை பேசக் கூடாது."

ஏரிக்கரையில் நன்கொடைக்குக் கண்ணாடிப் பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். அப்பா மஞ்சள் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அதற்குள் போட்டார். உள்ளே என்ன, அவிழ்த்துப் போடலாமே என்றாள் அந்த மாணவி.

"அவுக்கக் கூடாதுங்க. எங்க லைன்காரங்க முடிஞ்சு குடுத்தது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் காலை மடியில் வைத்துக்கொண்டு கட்டைப் பிரித்துப் பார்த்தார். "இனி உனக்குச் சரியாயிரும்" என்று சொன்னேன். அம்மா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா பனியனைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆகட்டும் சாமி. நொம்ப வலிக்குதா?" என்றார் அம்மா.

அந்த ஆண்டு காபிப் பழம் சிவக்கும் முன்பே அம்மா இறந்துபோனார்.

அடுத்த ஆண்டும் நடை வந்தது. அப்பா மறுபடி பெயர் கொடுத்தார். நான் வரவில்லை என்றேன். லைனிலிருந்து யாரும் காசு முடிந்து தரவில்லை. வேண்டிக்கொள்ள வீட்டில் நோயாளி இல்லை. ரைட்டர்கூட இந்த முறை கேலி பேசவில்லை. கிளம்பும்போது நான் வாசலில் நின்று அப்பாவின் காலைப் பார்த்தேன். செருப்புப் போட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. செருப்போடு நடந்தால் எந்தச் சாமி கேட்கும், அதுவும் எல்லாம் முடிந்தபிறகு என்று நினைத்தேன். போன வருடம் தோற்றுப்போனது இந்த மனிதருக்கு இன்னும் புரியவில்லை என்றும் நினைத்தேன். டாக்டரிடம் அவர் கேள்வி கேட்டபோதும், நம்ம பிள்ளைங்க காலத்துக்கு என்று பதில் வந்தபோதும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.