ரேணுகா பேரில் போன மெயில்

சென்னை பாடியில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சிறிய கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிப்பவள் ரேணுகா. அன்று காலை கள்ளிக்குப்பத்து வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவள் பையைக்கூட வைக்கவில்லை. முதலாளி செங்கல்வராயன் கத்தினார்.

"இன்னாம்மா கஸ்டமருக்கெல்லாம் அனுப்பி வெச்ச? தொறந்தவன் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துட்ச்சாம். போன் மேல போன் வந்துகினே கீது!"

"நான் எதுவும் அனுப்பல சார்."

"அப்ப உன் பேர்ல பேயா அனுப்பிச்சு?"

தனக்கும் வந்திருந்த மெயிலைப் போனில் காட்டினார். அவள் பெயர், அவள் மெயில் முகவரி. 'புதிய விலைப்பட்டியல்' என்று ஒரு ஃபைல் வேறு. அனுப்பிய மெயில்களில் அது இல்லையே என்று அவள் தன் கம்ப்யூட்டரைக் காட்டினாள். "அழிச்சிருப்ப" என்றவர், கம்ப்யூட்டரை இனித் தொடாதே என்றும் சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அமல்ராஜ் வரும்வரை ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்தாள். தெரியாமல் எதையாவது அழுத்திவிட்டோமோ? வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது?

அமல்ராஜ் அவள் கம்ப்யூட்டரைச் சோதித்தார். சுத்தமாக இருந்தது. பிறகு அந்த மெயில் எந்த வழியாக வந்தது என்ற விவரத்தைத் திறந்தார்.

"கவர் மேல அனுப்புறவர் பேர யார் வேணா எழுதலாம் சார். தபால் முத்திரைதான் ஊரைக் காட்டும். இது இங்கேர்ந்து போகல. வேற ஒரு கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்து, அதுல இருந்த முகவரிங்கள்ல ஒண்ண எடுத்து ஒட்டிக்கிச்சு. கெளம்புனது அம்பத்தூர்ல, மைதிலின்னு பேர் வெச்ச மெஷின்."

மைதிலி அம்பத்தூர் வாடிக்கையாளர் ஒருவரிடம் வேலை செய்யும் பெண். ரேணுகா அடிக்கடி போனில் பேசுபவள், நேரில் பார்த்ததில்லை.

"அவதானா? அவ மொதலாளியையே கேக்குறேன்" என்று செங்கல்வராயன் போனை எடுத்தார்.

"வேணாம் சார். அவளுக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நானே பேசுறேன்."

மைதிலியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். "மைதிலி, மொதல்ல கம்ப்யூட்டர் நெட் வயரப் புடுங்கு. அதுல வைரஸ் இருக்கு."

ஏதோ இழுபடும் சத்தம். பிறகு மைதிலியின் குரல்: "அக்கா, நேத்து உங்க சார் பேர்ல ஒரு மெயில் வந்துச்சு. பெரியவரு அனுப்பியிருக்காரேன்னுதான் தொறந்தேன். ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரல."

"நான் எங்கம்மா அனுப்பிச்சேன்?" என்றார் செங்கல்வராயன். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதன் பிறகு அவரே ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அழைத்தார். "ரேணுகா அனுப்பல. அவ பேர்ல வந்தத தொறக்காதீங்க." அம்பத்தூர் முதலாளியிடமும் அந்தப் பெண்ணைத் திட்ட வேண்டாம் என்றார். ரேணுகாவிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை.

அவள் கழிப்பறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு, அதுவரை அடக்கி வைத்திருந்ததை அழுது தீர்த்தாள்.