ஃபேன் போடாத அறை

பம்பாயில், டிராம்பேயில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆறு மாசம் உதவியாளனாக இருந்தபோதுதான் அந்த விஞ்ஞானியைப் பார்த்தேன். மாட்டுங்காக்காரர். ஒல்லியான உடம்பு. கண்ணைச் சுற்றி மைக்ராஸ்கோப் அழுத்திய வளையம். ஆழ்கடலில் தோண்டியெடுத்த சேற்றை அலசி, ரவையைவிடச் சின்ன ஓடுகளை பிரஷ் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று அந்த ஓடுகள் சொல்லுமாம். மே மாசத்திலும் ஃபேன் போடமாட்டார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கும்.

ஒருநாள் பாவமாக இருக்கிறதே என்று ஸ்விட்சைத் தட்டிவிட்டேன். தட்டில் இருந்த ஓடெல்லாம் பறந்துவிட்டது.

"என்னடா பண்ணினே?"

"வேர்த்து ஊத்துச்சே சார். திரும்ப எடுத்திரலாம்லா?"

"அந்த ஆழத்துச் சேறு இவ்வளவுதான். இன்னொரு தடவை கப்பல் போகணும். நான் அடுத்த மாசம் ரிடையர்."

நிறுத்தப் போனேன். "போட்டது போட்டாச்சு, ஓடட்டும்" என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியில், கடலின் சூடு ஏறி இறங்கியதைக் காட்ட அவர் வரைந்த கோடு ஓரிடத்தில் அறுந்து நின்றது.

"ரெண்டு பக்கத்தையும் சேத்து இழுத்துட்டா யாருக்கு சார் தெரியும்?"

"நடுவுல கடல் என்ன பண்ணித்துன்னு நேக்கே தெரியாதேடா."

அந்த இடைவெளிக்குக் கீழே, 'என் கவனக்குறைவால் இந்த ஆழத்து ஓடுகள் வீணாயின' என்று எழுதியிருந்தார். என் வேலை போகவில்லை.

கடலைப் பற்றி ஒரு பொய்க்கோடு இழுக்காதவர், எனக்காக அந்தப் பொய்யை எப்படி எழுதினார் என்று இன்னும் யோசிக்கிறேன்.