பாதிப் பெட்டி

மகதலேனாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். காலையில் மலேசியாவின் கிள்ளானில் கம்பெனி பஸ் ஏறினால், மேரு தொழிற்பேட்டை வரும்வரை அந்த வாய் ஓயாது. பஸ் டிரைவர் ரேடியோ போடுவதையே விட்டுவிட்டார். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, கையும் அந்த வாய்க்குச் சளைத்ததில்லை. பதினெட்டு வருஷமாக மூணாம் லைனில் ஆறாம் மேஜை அவளுடையது. ரப்பர் கையுறைகளை நூறு நூறாகப் பெட்டியில் அடுக்கும் வேலை. ஐம்பத்து நாலு வயசிலும் அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சின்னப் பிள்ளைகள் திணறுவார்கள்.

அப்பேர்ப்பட்ட லைனுக்குத்தான் கெட்ட பேர் வந்தது. எல் சைஸ் பெட்டிக்குள் எம் சைஸ் கலந்து வந்திருக்கிறது என்று, சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி இரண்டு தடவை புகார் அனுப்பிவிட்டது. மாசக் கடைசியில் அவர்களே நேரில் வந்து இருநூறு பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார்களாம். ஒன்றே ஒன்று தப்பாக இருந்தாலும் மூணாம் லைனை இழுத்து மூடிவிடுவார்களாம். பதினாலு பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

சூப்பர்வைசர் கமலநாதனுக்கு முப்பது வயசு. தலையில் ஜெல், கையில் டேப்லட். காலைக் கூட்டத்தில் சட்டம் போட்டான்.

"திங்கட்கிழமையிலருந்து டீ பிரேக் கட். லஞ்ச் வரைக்கும் யாரும் மேஜைய விட்டு எழுந்திரிக்கக் கூடாது."

ஏழாம் மேஜை ஷாமினிக்கு வார்னிங் லெட்டர் வேறு. திரும்பி வந்த பெட்டிகளின் அடியில் அவள் மேஜை எண்தான் அச்சாகியிருந்தது. பாவம், லாக்கர் பக்கம் போய் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். மகதலேனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லாக்கருக்கு எதிரே சுவரில் ஒரு பலகை. 'கைசன்' என்று பெரிசாக எழுதி, தினமும் ஒரு சின்ன முன்னேற்றம் சொல்லுங்கள் என்று மஞ்சள் அட்டைகளைச் செருகி வைத்திருந்தார்கள். மூணு வருஷத்தில் ஓர் அட்டைகூடக் குறையவில்லை. ஏதாவது கோளாறு என்றால் 'ஏன், ஏன்' என்று ஐந்து தடவை கேட்கவேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

"ஏன்னு ஒரு தடவ கேட்டாலே இங்க மூஞ்சி சுருங்குது. இதுல அஞ்சு தடவயாம்!" என்று முணுமுணுத்தவள், அன்றைக்குக் கேட்டே பார்ப்பது என்று ஸ்டோருக்குப் போனாள்.

திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்தாள். அடியில் பாதி வரைக்கும் எல். அதற்கு மேலே எல்லாமே எம். கண்டபடி கலக்கவில்லை, கோடு போட்ட மாதிரி பாதியில் மாறியிருக்கிறது. ஏன் பாதியில்? பெட்டியின் அடியில் மூடிய நேரம் இருந்தது: பத்து இருபது. இன்னொன்றில் மூணு பதினஞ்சு. ஏன் அந்த நேரம்? டீ நேரம் அல்லவா! ஷாமினி டீக்குப் போயிருந்தால் பெட்டியை நிரப்பியது யார்?

மூணாம் லைனில் எல்லும் எம்மும் ஒரே பெல்ட்டில்தான் வரும், அந்த பெல்ட் நிற்காது. அதனால் எழுந்து போகிறவள் பக்கத்து மேஜைக்காரியிடம் "பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். இவள் இரண்டு மேஜையையும் ஓட்டுவாள். எந்த ரூல் புக்கிலும் இல்லாத இந்தப் பழக்கத்தை, அதே லைனில் வேலை பார்க்கும் தாமரை பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது ஆரம்பித்து வைத்ததே மகதலேனாதான். ஏழாம் மேஜைக்குப் பக்கத்து மேஜை ஆறு, அங்கே அடுக்குவது எம் சைஸ்.

"ஏசுவே! நான்தானா?" என்று ஸ்டோரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"ஷாமினி மேல தப்பில்ல பாஸ். அவ பெட்டியில என் சைஸ அடுக்குனது நான். லெட்டர என் பேருக்கு மாத்துங்க. ஆனா எழுந்திரிக்காதன்னா சரியாயிடுமா? பாத்ரூம் அவசரத்துல நெளியிறவளுக்குக் கண்ணு பெட்டியிலயா இருக்கும்? ஒரு வாரம் குடுங்க லா, நாங்க சரி பண்ணிக் காட்டுறோம்."

கமலநாதன் டேப்லட்டைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "ஒரு வாரம்தான் ஆன்டி" என்றான்.

முதல் நாள், பாதிப் பெட்டிமேல் சைஸ் எழுதிய துண்டுச்சீட்டு வைத்தார்கள். காற்றாடி அதை அடுத்த லைனுக்கு அனுப்பிவிட்டது. இரண்டாம் நாள், பெட்டி விளிம்பில் துணி கிளிப். ஓடுகிற கை கிளிப்பையா கவனிக்கும்? இரண்டு பெட்டி கலந்துபோச்சு, அவர்களே கண்டுபிடித்தார்கள். கமலநாதன் சிரித்துக்கொண்டே போனான்.

"சிரிக்கட்டும். கண்ணு ஏமாந்துடுது, கைதான் முட்டணும்" என்றாள் மகதலேனா. கிழிந்த பெட்டி அட்டையை மடித்து, மார்க்கரில் சைஸை எழுதி, பாதிப் பெட்டியின் வாய்க்குள் செருகினாள். இனி அதை உருவாமல் ஒரு கையுறைகூட உள்ளே போகாது. உருவினால் எழுத்து கண்ணில் பட்டே தீரும்.

அன்றைக்கு ஒரு பெட்டிகூடக் கலக்கவில்லை! அதோடு விட்டார்களா? தடவினாலே தெரியட்டும் என்று எல் அட்டையின் மூலையை வெட்டச் சொன்னாள் ஷாமினி. தொலைந்து போகாமல் மேஜைக் காலில் நூலால் கட்டியது தாமரை. ஒவ்வொரு யோசனையும் மஞ்சள் அட்டையில் தமிழில் ஏறியது. தமிழ் படிக்கத் தெரியாத கமலநாதன், ஷாமினியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டான். வாரம் முடிந்ததும் டீ பிரேக் தடை பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

மாசக் கடைசியும் வந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட மூன்று பேர் மூணாம் லைனிலேயே நின்று இருநூறு பெட்டியைப் பிரித்தார்கள். பதினாலு பெண்களும் அடுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் எண்ணினார்கள். நூற்றுத் தொண்ணூறு தாண்டும்போது மகதலேனாவின் வாய்கூட அடங்கிப்போனது. இருநூறாவது பெட்டி ஷாமினி மேஜையுடையது, மூடிய நேரம் பத்து இருபது.

அடி முதல் மேல்வரை எல்!

லைனே அதிர்ந்தது. தாமரை விசிலடித்தாள். மேனேஜர் கை தட்டினார். மூணாம் லைன் நடக்கும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். கமலநாதன் ஷாமினியின் வார்னிங் லெட்டரை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, ஆறாம் மேஜைக்கு வந்தான்.

"ஆன்டி, டீக்குப் போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

மகதலேனா அட்டையைப் பாதிப் பெட்டிக்குள் செருகிவிட்டு எழுந்தாள். அவன் ஜம்பமாக உட்கார்ந்து, பெல்ட்டில் வந்த கையுறைகளை அள்ளிப் பெட்டிக்குள் விட்டான். விரல் அட்டையில் நச்சென்று முட்டியது.

"ஆ!"

பதினாலு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து லைன் திரும்பிப் பார்த்தது. கமலநாதன் கையை உதறிக்கொண்டே அட்டையை உருவினான், அதிலிருந்த இங்கிலீஷ் எழுத்தைப் படித்தான், அள்ளிய எல் சைஸைக் கீழே வைத்துவிட்டு எம் சைஸை எடுத்தான்.