வீட்டில் ஓடியது, மில்லில் ஓடவில்லை

போன வருஷம் தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, சமயநல்லூர் பக்கம் ஒரு நூல் மில்லில் நடந்தது இது.

பழைய கம்ப்யூட்டர்களுக்குள் செருகும் கார்டுகளைப் புதிதாக வடிவமைப்பது எனக்குப் பிடித்த கிறுக்கு. திருநகரில் எங்கள் வீட்டு அலமாரியில் துணிமணியை விட அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள்தான் அதிகம். என் கணவர் அவற்றைப் 'பெருசுங்க' என்பார். இது எப்படியோ அந்த மில்காரர்கள் காதில் விழுந்து, என்னைக் கூப்பிட்டார்கள். நூல் எவ்வளவு இழுவை தாங்கும் என்று சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. அதைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றோடு இணைக்கும் கார்டு கருகிவிட்டது. அது இப்போது எங்கேயும் கிடைக்காது.

சோதனை அறையைப் பார்த்துக்கொண்டவர், உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. கருவி ஓடாவிட்டால் எடைக்குப் போட்டுவிட்டு, சோதனையை வெளியே கொடுத்துவிடலாம் என்றிருந்தார் முதலாளி. அப்படி நடந்தால் அக்காவுக்கு அங்கே வேலை இல்லை.

கருகிய கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, மின்சாரம் போகும் ஒவ்வொரு கோடும் எங்கே போகிறது என்று தேடித் தேடி வரைந்தேன். சாப்பாடு ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை, அவ்வளவு ருசியான வேலை. புதுக் கார்டு தயாரானதும், என்னிடமிருந்த அதே ரகக் கம்ப்யூட்டரில் செருகினேன். ஓடியது. மில்லுக்குக் கொண்டுபோனால் ஓடவில்லை.

வடிவமைப்பை மாற்றினேன். வீட்டில் சமர்த்தாக ஓடிய கார்டு மில்லில் மறுபடியும் பல்லிளித்தது. இன்றைக்கு ஒருநாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட, என்னதான் காரணம் என்ற குறுகுறுப்பு என்னை விடவில்லை. இரண்டு இடத்திலும் கார்டு ஒன்றுதான், கம்ப்யூட்டர்தான் வேறு. கோளாறு கார்டிலேயே இல்லையோ என்று அப்போதுதான் உறைத்தது. கார்டு செருகும் ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உள்ளே, கார்டைத் தொடும் உலோக முனைகளின் மேல் காய்ந்துபோன சந்தனம். அதன் மேல் குங்குமம்.

யார் வைத்தது என்று கேட்டேன். அக்கா முகம் வெளிறிவிட்டது.

"நாந்தான் மேடம், ஆயுத பூஜைக்கு வச்சேன். மத்த மெஷினுக்கெல்லாம் வெளியதான் வச்சோம். இதுக்கு நோக்காடு உள்ளல்ல இருக்கு, அதான் கருகுன கார்டைக் கழட்டுன எடத்துல உள்ள வச்சேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்ப்யூட்டர் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்த பொட்டே மின்சாரத்தின் வழியை மறித்திருந்தது. பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து ஸ்லாட்டைத் துடைத்துவிட்டுக் கார்டைச் செருகினேன். திரையில் எண்கள் ஓடின. அக்கா ஒரு நூலை மாட்டிச் சோதித்தார், நம்பாமல் இன்னொன்றையும் மாட்டினார். பிறகு மெதுவாக, "மொதலாளிட்ட சொல்லிறாதீங்க மேடம்" என்றார். ஸ்லாட்டில் தூசி அடைத்திருந்தது என்று மட்டும் முதலாளியிடம் சொன்னேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் அவர் பொட்டு வைக்கத்தான் போகிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு நான் வடிவமைக்கும் ஒவ்வொரு கார்டிலும், எந்தக் கோடும் ஓடாத ஒரு மூலையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை வட்டம் விடுகிறேன். மின்சாரம் போகும் வழியை மட்டுமே யோசித்து வரைந்துகொண்டிருந்த எனக்கு, அந்த இயந்திரத்தை நம்பி வாழ்கிறவரின் விரலுக்கும் அதில் ஓர் இடம் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.