வாழைப்பழ வாசம் அடித்தால் ஓடுங்கள்: வேம்பார் போய்வந்த கதை

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை, காலை 6.40 பேருந்தில் தூத்துக்குடியிலிருந்து வேம்பாருக்குக் கிளம்பினோம். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். வகுப்பில் காட்ட மலைத்தேனீக் கூட்டை நானே படம் எடுக்க வேண்டும் என்று வீம்பு. கடலைப் பார்க்கும் ஆசையில் கலா அக்காவும் தொற்றிக்கொண்டாள். மூன்று வருடம் முன்பு ஒரே ஒரு தேனீ கொட்டி, தொண்டை வீங்கி மூச்சடைத்தவள் அவள். இன்னொரு கொட்டு உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவளைக் கூட்டிக்கொண்டு தேனீ பார்க்கப் போனேன் பாருங்கள், எனக்கெல்லாம் பேராசிரியர் என்று பெயர்!

ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். வழி நெடுக என் பாடம்தான். தேனீயின் உணர்கொம்பில் நுண்ணிய துளைகள், உள்ளே திரவம். மணம் அதில் லேசில் கரையாது. அங்கிருக்கும் ஒரு சிறு புரதம் தன் குழிக்குள் அதை ஏந்திப்போய், நரம்பின் மேலிருக்கும் இன்னொரு புரதத்திடம் சேர்க்கும். குழிக்குப் பொருந்தாத மணத்தைச் சீந்தாது. அக்கா பாதியிலேயே தூங்கிவிட்டாள்.

வேம்பாரில் இட்லி சாப்பிட்டுவிட்டு செல்வின் அண்ணாச்சியின் ஆட்டோவைப் பிடித்தோம், போய்வர முந்நூறு. உப்பளத்து நடுவே பழைய மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, அதன் அடியில் பெரிய கூடு. ஆட்டோவை இருநூறு மீட்டர் தள்ளி நிறுத்தி, அக்காவை உள்ளேயே இருக்கச் சொன்னேன். அண்ணாச்சி வழிகாட்ட என்னோடு நடந்தார்.

மூன்றாவது படம் எடுக்கும்போது தோளில் சுரீரென்றது. "அசையாதீய சார்!" என்று அண்ணாச்சி துண்டால் ஓங்கி ஒரு அடி. தேனீ என் சட்டையிலேயே நசுங்கியது.

"என்ன சார், வாழப்பழம் வச்சிருக்கியளா? வாசம் தூக்குதே."

பழமாவது ஒன்றாவது! கொடுக்கிலிருந்து கசியும் அபாய மணம் அப்படித்தான் அடிக்கும். அது மற்ற தேனீக்களின் உணர்கொம்புக்குள் போய்ச் சேர்ந்தால், இவனைக் கொட்டு என்று அர்த்தம்.

நான் தோளைப் பிடித்ததைப் பார்த்து அக்கா தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். கூடு இரையத் தொடங்கியது.

"வராதக்கா! கிட்ட வராத!" என்று கத்திவிட்டு அவளுக்கு எதிர்த் திசையில் ஓடினேன். "அண்ணாச்சி, துண்டுலயும் அந்த வாசம் இருக்கு, எறிஞ்சிட்டு அவளக் கூட்டிட்டுப் போங்க!"

"ஏலே, எங்கலே ஓடுத?" என்று பின்னால் அவள் அலறினாள்.

உப்பளத்தில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஓடிக்கொண்டே சட்டையைக் கழற்றி வீசினேன். ஒரு மோட்டார் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்துவதற்குள் பதினொரு கொட்டு. வலி கிடக்கட்டும், அவளை ஒன்றாவது கொட்டியிருக்குமோ என்று திரும்பத் திரும்ப அழைத்தேன். போனை அவள் எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அண்ணாச்சி வந்து கதவைத் தட்டினார்.

"அக்காவுக்கு ஒண்ணும் ஆவல சார். டீக்கடைல இருக்காவ. ஒரே அழுக."

அப்படியே தரையில் உட்கார்ந்து நானும் அழுதேன். பிறகு மருத்துவமனை, ஊசி.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வாமை உள்ளவர்களைக் கூட்டிப்போகாதீர்கள். கொட்டிய தேனீயை நசுக்காதீர்கள். ஓடுங்கள், ஓடிக்கொண்டே கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுங்கள். கூட வருகிறவரிடம், எனக்குக் கொட்டினால் கிட்டே வராதே என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். நான் அதைத்தான் சொல்லவில்லை. மாலை 4.10 பேருந்தில், ஏன் எதிர்த் திசையில் ஓடினேன் என்று நான் விளக்கியதும், என் வீங்கிய முகத்தைப் பார்க்காமலே அக்கா சொன்னாள்: "உனக்கு எதாவது ஆயிருந்தா, என்ன விட்டுட்டு ஓடுன தம்பின்னுதாம்ல சாவுற வரைக்கும் நெனச்சிருப்பேன்."