அட்டையில் ஒரு காற்றுக்குமிழி

கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தின் உதவியாளருக்குப் ‘பாசி’ என்று பட்டப்பெயர். பதினெட்டு வருஷமாக மதில் சுவரைச் சுரண்டிப் பாசி கொண்டுவந்து நுண்ணோக்கியில் வைத்துப் படமெடுப்பவரை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? பாசியின் இலை ஒற்றை அடுக்குச் செல்தான். வெட்டவும் வேண்டாம், சீவவும் வேண்டாம். ஒரு சொட்டு நீரில் இலையை விரித்து, மெல்லிய கண்ணாடியை ஊசிமுனையில் தாங்கி மெதுவாகச் சாய்த்து இறக்க வேண்டும். கை அவசரப்பட்டால் காற்று சிக்கிக்கொண்டு, கறுப்பு விளிம்போடு உருண்டையாக உட்கார்ந்துவிடும்.

அவர் எடுத்த படங்கள் துறைத்தலைவரின் நான்கு புத்தகங்களில் வந்துவிட்டன. அவர் பெயர்தான் ஒன்றிலும் வரவில்லை. ஐந்தாவதில் கட்டாயம் போடுவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்ததும், பாசியின் மனைவி அக்கம்பக்கம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள். அவருக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

அட்டைக்குப் படம் தேட உட்கார்ந்த தலைவர், கழித்துப் போட்டவற்றிலிருந்து ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

“அடடா! இவ்வளவு அழகான வட்டச் செல்லை ஏன்யா ஒளிச்சு வச்சிருக்க? யாருமே பார்க்காததா இருக்கே!”

“சார், அது காத்துக் குமிழி சார். கண்ணாடி கை நழுவிடுச்சு.”

“முப்பது வருஷமா பாடம் நடத்துறவனுக்குச் செல் எது, குமிழி எதுன்னு நீ சொல்லித் தர்றியா?”

பாசி அந்தப் படத்தை அட்டைக்கென்று தனியே எடுத்து வைத்தார். பெயர் வர வேண்டுமே!

புத்தகம் வந்தது. அட்டையில் குமிழி ஜம்மென்று வீற்றிருந்தது. ‘படம்: துறைத்தலைவர்’ என்று அடியில் போட்டிருந்தது. உள்ளே இருந்த நாற்பது நிஜச் செல் படங்களுக்குக் கேட்பாரில்லை. மனைவி மூன்று தடவை புரட்டிவிட்டு, “எங்கங்க உங்க பேரு?” என்றாள்.

இரண்டு மாதம் கழித்து ஓர் ஆய்விதழில் மதிப்புரை வந்தது. அட்டையில் இருப்பது செல் அல்ல, முதலாண்டு மாணவனுக்கும் தெரிந்த காற்றுக்குமிழி என்று ஒருவர் எழுதிக் கிழித்திருந்தார். தலைவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அந்த வாரமே, விற்காத பிரதிகளில் ஒட்ட முந்நூறு சீட்டுகள் அச்சாகி வந்தன: ‘அட்டைப்படத்தை எடுத்தவர் துறைத்தலைவர் அல்லர்; ஆய்வக உதவியாளர்.’ பக்கத்திலேயே அவருடைய முழுப்பெயர். ஒட்டும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது.

ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினார்.

“அட, இனிஷியலோட போட்டிருக்காங்களே!” என்று அவள் பூரித்துப்போனாள். “குடுங்க, பக்கத்து வீட்டு அக்காகிட்ட காட்டிட்டு வர்றேன்.”

அவர் சீட்டை விடவில்லை. அதன் மேல்வரியை மறைத்திருந்த கட்டைவிரலையும் எடுக்கவில்லை. ‘பிழை திருத்தம்’ என்ற தலைப்பு அதற்கடியில்தான் இருந்தது.