தோம்பின் நாலு கால்

பூங்காவனம் கோபப்பட்டால் சத்தம் போடமாட்டாள், பாத்திரங்களைப் போடுவாள். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அந்த ஆகஸ்ட் மாதம், காஜா பெராங் வட்டாரத்தில் அவள் வீட்டைக் கடந்து போனவர்கள் எல்லாருக்கும் அது கேட்டது.

கல்யாணமான வருஷத்திலிருந்து பக்கத்து ஊரான தெங்கேராவில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் அவளுக்கு வேலை. துரைக்குக் காலையும் மாலையும் வெந்நீர் வேண்டும். விறகு பிளந்து, புகையில் கண் எரிந்து, அண்டா அண்டாவாகத் தூக்கி இடுப்பு போனது. அப்புறம்தான் துரை வெயிலில் தண்ணீர் காய்ச்சும் சாதனத்தை வரவழைத்துக் கூரைமேல் பொருத்தினார். கறுப்புத் தகட்டில் வளைந்து ஓடும் செம்புக் குழாய், அதன்மேல் கண்ணாடி, அதற்கும் மேலே நாலு கால் மரத்தாங்கியில் தேங்காய் நார் சுற்றிய ஒரு தோம்பு, அதாவது தண்ணீர்ப் பீப்பாய். தோம்பு உயரத்தில் இருப்பதால், சூடான தண்ணீர் தானாகக் குழாயேறி அதற்குள் போகும். ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். நெருப்பு வேண்டாம், பம்பு வேண்டாம். தினமும் கண்ணாடியைத் துடைத்தவளுக்கு அதன் குணம் அத்துப்படி.

துரை கப்பலேறும் முன் வேலைக்காரர்களை வேண்டியதைக் கேட்கச் சொன்னார். சமையல்காரன் கட்டிலைக் கேட்டான். தோட்டக்காரன் சுவர்க் கடிகாரத்தைக் கேட்டான். பூங்காவனம் கூரையைக் காட்டினாள்.

குழாய் வேலை பார்க்கும் அவள் தம்பி ராஜரத்தினம் அதைக் கழற்றி வந்து, ஓட்டை விழுந்த இடங்களில் ஈயம் பற்றவைத்து, அவள் வீட்டுக் குளியலறையின் தகரக் கூரைமேல் பொருத்திக் கொடுத்தான். மகள் கோகிலாவுக்குத் தலைப்பிரசவம். “என் பிள்ளைக்குச் சூரியனே தண்ணி காய வைப்பான், நான் விறகு தொடமாட்டேன்” என்று பூங்காவனம் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து மகளையும் பேரனையும் அழைத்துக்கொண்டு வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். புதிதாக ஒரு கொடிக்கம்பம். அதைத் தாங்கி நின்றவை, தோம்பைத் தாங்கிய நாலு மரக்கால்கள். பின்னால் ஓடிப் பார்த்தாள். தோம்பு கூரைமேலேயே கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. குழாயையும் அதற்கேற்ப வெட்டிக் குட்டையாக்கியிருந்தார்கள்.

“என்னங்க இது?”

“மெர்டேக்கா வருது, சுதந்திரம்! கம்பம் சும்மா நிக்குமா? கால் வேணுமில்ல?” என்றார் கணவர் கலியாணசுந்தரம்.

“அது தோம்போட கால்.”

“தண்ணிக்கு ஒசரமும் பள்ளமும் ஒண்ணுதான்.”

“துரை வீட்ல ஒசரத்துலதான் இருந்துச்சு.”

“துரையே போயிட்டான். அவன் சட்டம் மட்டும் எதுக்கு இங்க?”

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

தண்ணீர் சாயங்காலம் வெதுவெதுப்பாக இருந்தது. விடிவதற்குள் சில்லிட்டுப் போனது. ராஜரத்தினம் வந்தான். அக்கா புருஷனிடம் அவனுக்குப் பயம். “குழாய் அடைச்சிருக்கும் மாமா” என்று அடிக்குழாயை மாற்றினான். மறுமுறை கண்ணாடியை மாற்றினான். அப்புறம் தகட்டுக்குப் புதுசாகக் கறுப்புச் சாயம் அடித்தான்.

“தோம்பத் தூக்குடா” என்று ஒவ்வொரு முறையும் கீழேயிருந்து சொன்னாள் பூங்காவனம்.

“பொறு லா அக்கா. ஒவ்வொண்ணாத்தானே பாக்கணும்.”

“பாத்துக்கிட்டே இரு. உன் மாமா மூஞ்சியையும் சேத்துப் பாரு.”

அவள் மறுபடியும் விறகு பிளந்தாள். ஒரு நாள், அண்டாவை இறக்கி வைத்துவிட்டு நிமிர முடியாமல் சுவரைப் பிடித்து நின்றவளைப் பார்த்து, குழந்தையை மடியில் வைத்திருந்த கோகிலா சொன்னாள்: “பச்சத் தண்ணியே ஊத்தும்மா. எனக்கு ஒண்ணும் ஆவாது.”

பிள்ளை பெற்ற உடம்பு. அந்த வார்த்தையைப் பூங்காவனத்தால் தாங்க முடியவில்லை. கூரைமேல் வேலையாக இருந்த தம்பியின் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போனாள். கொடியை அவிழ்த்து, தரையில் படாமல் மடித்து, சன்னல் திண்டில் வைத்தாள். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து நட்டுகளைத் திருகினாள்.

“கொடியிலயா கை வைக்கிற?” என்று கத்திக்கொண்டு வந்தார் கலியாணசுந்தரம்.

“கொடி பத்திரமா இருக்கு. என் கால எடுக்கிறேன்.”

“ஊரே பாக்குதுடி!”

“பாக்கட்டும். ராஜா, குழாய் எடுத்துட்டு வா! இன்னைக்குத் தோம்பு ஏறலன்னா இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாத.”

ராஜரத்தினம் மாமாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. வெட்டிய குழாயோடு புதுத் துண்டை இணைத்துப் பற்றவைத்தான். அக்காவும் தம்பியுமாகத் தோம்பைத் தூக்கி அந்த நாலு கால்மேல் நிறுத்தினார்கள்.

மறுநாள் நல்ல வெயில். சாயங்காலம் குழாயைத் திறந்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். நொச்சி இலை போட்டு, மகளுக்கு முதுகு சிவக்கச் சிவக்க ஊற்றினாள்.

வெளியே வந்தால், கலியாணசுந்தரம் கொடிக்கம்பத்தைத் தோம்பின் தாங்கியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, தெருவில் போகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “இந்தத் தெருவிலயே ஒசரமான கொடி! என் யோசனைதான்.”

பூங்காவனம் உள்ளே போனாள். இருட்டும் நேரத்தில் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“கொஞ்சம் வெந்நி இருக்குமா?”

“உங்களுக்குத்தான் ஒசரமும் பள்ளமும் ஒண்ணாச்சே. கிணத்துல எறைச்சு ஊத்திக்குங்க.”

அவள் வீசிய வாளி சிமெண்டுத் தரையில் உருண்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.